யூனியன் சிட்டி (நியூ ஜெர்சி) பள்ளிகள் எப்படி? மூன்று வயதுக் குழந்தைக்காக முடிவெடுக்க வேண்டும்

மீனாட்சி_ஹட்சன் | வெள்ளி, இரவு 9.20

அனைவருக்கும் வணக்கம். ஜெர்சி சிட்டியில் ஜர்னல் ஸ்கொயர் பக்கம் நான்கு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறோம். ஆகஸ்டில் ஒப்பந்தம் முடிகிறது, வாடகையையும் ஏற்றிவிட்டார்கள். யூனியன் சிட்டியில், பெர்கன்லைன் அவென்யூவிலிருந்து இரண்டு தெரு தள்ளி, எங்களுக்குக் கட்டுப்படியாகும் வீடு ஒன்று வந்திருக்கிறது. கணவருக்கு மன்ஹாட்டன் போக பஸ் வசதியும் உண்டு.

என் தயக்கமெல்லாம் பள்ளியைப் பற்றித்தான். வீடு தேடும் இணையதளங்களில் ஒவ்வொரு பள்ளிக்குப் பக்கத்திலும் ஓர் எண் போடுகிறார்களே, அதைப் பார்த்ததும் மனம் சோர்ந்துவிட்டது. உறவினர்கள் எல்லோரும் ஒரே குரலில் இதே மாநிலத்தின் எடிசன் ஊருக்குப் போகச் சொல்கிறார்கள். மகனுக்கு மூன்று வயது ஆகப்போகிறது. வீட்டில் தமிழ் மட்டும்தான் பேசுகிறோம், அவனுக்கு ஆங்கிலம் சுத்தமாகத் தெரியாது. அந்த ஊர்ப் பள்ளிகளை நேரில் அறிந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

எடிசன்_குமரன் | வெள்ளி, இரவு 10.05

சகோதரி, மனத்தில் பட்டதைச் சொல்கிறேன். நாங்கள் எடிசனுக்கு வந்ததே பள்ளிக்காகத்தான். ஜே.பி. ஸ்டீவன்ஸ் உயர்நிலைப் பள்ளியின் எல்லைக்குள் வீடு வேண்டும் என்று இரண்டு ஆண்டு தேடினோம். விலை அதிகம், சொத்து வரியும் அதிகம். ஆனால் பிள்ளையோடு படிப்பவர்கள் எல்லோரும் படிப்பில் கவனம் உள்ளவர்கள், அந்தச் சூழல் பிள்ளையைத் தானாக இழுத்துக்கொண்டு போகும். தேர்ச்சி விகிதம் குறைவாக உள்ள ஊரில் உங்கள் மகன் ஒருவன் மட்டும் எப்படி முன்னேறுவான் என்று யோசியுங்கள். கொஞ்சம் சிரமப்பட்டாலும் நல்ல மாவட்டத்துக்குப் போய்விடுவதே நல்லது.

பெர்கன்லைன்_வாசி | சனி, காலை 7.40

குமரன் சொல்வது அனுபவத்தில் வந்த பேச்சு, அதை மதிக்கிறேன். ஆனால் 'நல்ல மாவட்டம்' என்று எதைச் சொல்கிறோம் என்பதில்தான் எனக்கு வேறு கருத்து. யூனியன் சிட்டியில் பதினொரு ஆண்டு இருந்தேன். என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான் எழுத்துக் கற்றார்கள். அந்த ஊரின் பள்ளிக் கதை தெரியாமல் ஒருவர் எண்ணைப் பார்த்து ஒதுக்குவது எனக்கு வருத்தமாக இருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில், புதிதாக வந்தவர்களுக்காக ஒன்று. மாவட்டம் என்றதும் நமக்குக் கலெக்டர் அலுவலகம் நினைவுக்கு வரும். இங்கே பள்ளி மாவட்டம் என்பது ஓர் ஊரின் பள்ளிகளை மட்டும் நடத்தும் தனி நிர்வாகம். தனி வாரியம், தனிக் கண்காணிப்பாளர், தனி வரவு செலவு. நியூ ஜெர்சியில் மட்டும் இப்படி அறுநூறை நெருங்கும் மாவட்டங்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க் மாநகரம் முழுவதும் ஒரே நிர்வாகம். இங்கே ஒரு தெருவைத் தாண்டினால் வேறு மாவட்டம். யூனியன் சிட்டி மாவட்டத்தில் ஏறக்குறைய பன்னிரண்டாயிரம் முதல் பதின்மூன்றாயிரம் பிள்ளைகள் படிக்கிறார்கள். நடுத்தர அளவு என்று சொல்லலாம்.

ஊரின் பரப்பு 3.3 சதுர கிலோமீட்டர்தான். அதற்குள் 2020 கணக்கெடுப்பின்படி 68,589 பேர். அமெரிக்காவிலேயே மிக நெருக்கமான ஊர்களில் ஒன்று. ஒரு காலத்தில் எம்பிராய்டரித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. 1959-க்குப் பிறகு கியூபாவிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள், 'ஹட்சன் கரை ஹவானா' என்றே பெயர் வந்தது. பிறகு டொமினிக்கன் குடியரசு, ஈக்வடார், எல் சால்வடார் என்று வந்துகொண்டே இருந்தார்கள். பள்ளிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் ஸ்பானிய மொழி பேசுகிறவர்கள். ஏழ்மை அதிகம்.

1989-இல் இந்த மாவட்டத்தின் நிலை என்ன தெரியுமா? மாநில அரசு வைத்த 52 அளவுகோல்களில் 44-இல் தோல்வி. அதே ஆண்டுதான் பக்கத்து ஜெர்சி சிட்டியின் பள்ளிகளை மாநில அரசே கைப்பற்றியது. நாட்டிலேயே அதுதான் முதல் முறை. அடுத்தது யூனியன் சிட்டி என்று எல்லோரும் நினைத்தார்கள். திருத்தத் திட்டம் எழுதித் தரக் கொஞ்சம் அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தில் அவர்கள் வெளியிலிருந்து பெரிய நிபுணரைக் கூட்டி வரவில்லை. தாமஸ் ஹைட்டன் கண்காணிப்பாளரானார். இருமொழிக் கல்விப் பிரிவைக் கவனித்துவந்த பிரெட் காரிக் என்ற உள்ளூர்க்காரரிடம் திட்டப் பொறுப்பு போனது. அவர் ஆசிரியர்களையே உட்கார வைத்துப் பாடத்திட்டத்தை எழுத வைத்தார்.

அவர்கள் செய்ததில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வாசிப்புப் பாடநூல்களுக்குச் செலவழித்த பணத்தை நிறுத்தி, ஒவ்வொரு வகுப்பறைக்கும் கதைப் புத்தகங்கள் வாங்கினார்கள். வாசிக்கவும் எழுதவும் மட்டும் தினமும் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஒதுக்கினார்கள். ஸ்பானிய மொழி மட்டும் தெரிந்த குழந்தைக்கு முதலில் ஸ்பானிய மொழியில் எழுத்தறிவு, அதன் மேல் ஆங்கிலம். இதையும் ஒரே நாளில் எல்லா வகுப்புக்கும் திணிக்கவில்லை. சின்ன வகுப்புகளில் தொடங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் வளர வளர, மாற்றமும் அவர்களோடு மேலே ஏறியது.

பலன் வரப் பல ஆண்டுகள் ஆயின. 1993-இல் பெல் அட்லாண்டிக் தொலைபேசி நிறுவனம் கிறிஸ்டபர் கொலம்பஸ் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆசிரியர்களுக்கும் வீட்டிலும் பள்ளியிலும் கணினி கொடுத்துப் பார்த்தது. 1996 பிப்ரவரியில் அதிபர் கிளிண்டனும் துணை அதிபர் அல் கோரும் அந்தப் பள்ளிக்கே வந்தார்கள். பலர் கணினிதான் மாற்றியது என்று எழுதினார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. கணினி வருவதற்கு முன்பே வகுப்பறை மாறத் தொடங்கியிருந்தது. 2011-இல் உயர்நிலைப் பள்ளியை முடித்தவர்கள் 89 சதவீதத்துக்கும் மேல். அன்றைய தேசிய சராசரியைவிட ஏறக்குறைய பத்துப் புள்ளி அதிகம். ஏழைக் குடியேறிகளின் ஊரில் இது நடந்திருக்கிறது.

எடிசன்_குமரன் | சனி, காலை 8.30

விவரமாக எழுதியதற்கு நன்றி. இவ்வளவு எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு கேள்வி, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த ஊர் தன் பள்ளிகளுக்குத் தானே வரி கட்டுவது மிகக் குறைவு, பெரும்பகுதி மாநில அரசின் பணம் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் எடிசனில் ஆண்டுதோறும் கட்டும் சொத்து வரியைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது. அதற்கு மேல் என் வருமான வரியும் அங்கே போகிறது. இது நியாயமா?

வரிக்கணக்கு_லதா | சனி, காலை 10.15

குமரன் சார், நான் இங்கே கணக்காளராக இருக்கிறேன். இந்தக் கேள்வி என்னிடம் மாதம் ஒருமுறையாவது வரும்.

நீங்கள் சொன்னது சரி, பெரும்பகுதி மாநிலப் பணம்தான். ஆனால் அந்த வருமான வரியே எப்படி வந்தது என்று பாருங்கள். 1970-களின் தொடக்கம் வரை நியூ ஜெர்சியில் பள்ளிகள் முக்கியமாக உள்ளூர்ச் சொத்து வரியை நம்பியே இருந்தன. பெரிய வீடுகள் உள்ள ஊரில் குறைந்த விகிதத்தில் வரி போட்டாலும் கொட்டும். மூன்று மாடிப் பழைய கட்டடங்களில் குடித்தனங்கள் நெருக்கியிருக்கும் ஊரில் கசக்கிப் பிழிந்தாலும் வராது. ராபின்சன் எதிர் காஹில் வழக்கில் 1973-இல் மாநில உச்ச நீதிமன்றம் இந்த முறை அரசியல் சாசனத்துக்குப் பொருந்தாது என்றது, ஏனென்றால் 'முழுமையான, திறமையான' பள்ளிக் கல்வி தருவது மாநிலத்தின் கடமை என்று சாசனமே சொல்கிறது. சட்டமன்றம் பணம் ஒதுக்காமல் இழுத்தடித்தது. 1976 ஜூலையில் நீதிமன்றம் பள்ளிகளுக்குப் பணம் செலவழிக்கவே தடை போட்டது. கோடைக்கால வகுப்புகள் நின்றன. அதன் பிறகுதான் வருமான வரிச் சட்டம் நிறைவேறியது. ஆகவே, பள்ளிகளுக்காகவே பிறந்த வரி அது.

அப்படியும் இடைவெளி மூடவில்லை. 1981-இல் கல்விச் சட்ட மையம் என்ற அமைப்பு கேம்டன், ஈஸ்ட் ஆரஞ்ச், இர்விங்டன், ஜெர்சி சிட்டி ஆகிய ஊர்களின் இருபது பிள்ளைகள் சார்பில் வழக்குத் தொடுத்தது. பெயர்ப் பட்டியலில் அகர வரிசையில் முதலில் வந்த சிறுவன் ரேமண்ட் ஆபட் என்பதால் அது ஆபட் எதிர் பர்க் வழக்கு ஆயிற்று. 1990 தீர்ப்பில் 28 ஏழை நகர மாவட்டங்களில் ஒரு பிள்ளைக்கான செலவு பணக்கார மாவட்டங்களுக்கு இணையாக வேண்டும் என்றார்கள். யூனியன் சிட்டி அந்தப் பட்டியலில் இருந்தது. 1998 தீர்ப்பு இன்னும் பெரியது: அந்த மாவட்டங்களில் மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் அனைவருக்கும் மாநிலச் செலவில் தரமான மழலைக் கல்வி, புதிய கட்டடங்கள்.

உங்கள் வரிச்சுமை எனக்குப் புரிகிறது, என் வீட்டிலும் அதே சுமை. ஆனால் தான் பிறந்த தெருவின் வீட்டு விலையைப் பொறுத்து ஒரு குழந்தையின் வகுப்பறை அமையக்கூடாது என்று சொன்ன தீர்ப்பு அது. நான் அந்தத் தீர்ப்பின் பக்கம்தான் நிற்கிறேன்.

மீனாட்சி, உங்களுக்கு ஒரு செய்தி: ஜெர்சி சிட்டியும் ஆபட் மாவட்டம்தான். நீங்கள் வீடு மாற்றாவிட்டாலும் மகனுக்கு முழுநாள் பிரீ-கே (பள்ளிக்கு முந்தைய மழலை வகுப்பு) இலவசம். இது தெரியாமல் மாதம் ஆயிரக்கணக்கில் தனியார் காப்பகத்துக்குக் கட்டிக்கொண்டிருக்கும் நம் குடும்பங்கள் எத்தனையோ.

மீனாட்சி_ஹட்சன் | சனி, காலை 10.40

லதா அக்கா, உண்மையாகவே தெரியாது! பக்கத்துக் கட்டடத்தில் ஒரு காப்பகத்தில் முன்பணம்கூடக் கட்டிவிட்டேன். மிகவும் நன்றி.

கேம்டன்_அனுபவம் | சனி, பகல் 1.10

பணம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. கேம்டனும் ஆபட் மாவட்டம்தான். அதே தீர்ப்பு, அதே உரிமை. 2013-இல் அதை மாநிலம் கைப்பற்ற வேண்டி வந்தது. நியூவார்க்கை 1995-இலேயே எடுத்துக்கொண்டார்கள், உள்ளூருக்குத் திரும்ப இருபது ஆண்டுக்கு மேல் ஆயிற்று. பணம் மட்டும்தான் காரணம் என்றால் ஏன் ஓர் ஊரில் பலித்தது, இன்னோர் ஊரில் பலிக்கவில்லை?

பெர்கன்லைன்_வாசி | சனி, மாலை 4.25

இதுதான் சரியான கேள்வி. நான் பல ஆண்டுகளாக யோசித்துவருவதும் இதுவே.

நியூவார்க்கையே எடுத்துக்கொள்வோம். யூனியன் சிட்டியிலிருந்து கூப்பிடு தூரம். 2010 செப்டம்பரில் மார்க் சக்கர்பெர்க் அந்த ஊர்ப் பள்ளிகளுக்கு 10 கோடி டாலர் தருவதாகத் தொலைக்காட்சியில் அறிவித்தார். மேயரும் ஆளுநரும் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். புதிய கண்காணிப்பாளர் வந்தார், ஆலோசகர்கள் வந்தார்கள், பள்ளிகள் மூடப்பட்டன, இணைக்கப்பட்டன. பெற்றோர் தெருவுக்கு வந்து போராடினார்கள். 2015-இல் கண்காணிப்பாளர் விலகினார்.

யூனியன் சிட்டியில் தொலைக்காட்சி அறிவிப்பும் இல்லை, கூட்டமாக வேலைநீக்கமும் இல்லை. பலவீனமான ஆசிரியரை விரட்டாமல், திறமையான மூத்தவரை அவர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். தலைமை இடத்துக்கு வந்தவர்களில் பலர் அதே ஊர்ப் பள்ளிகளில் ஆசிரியராகத் தொடங்கியவர்கள். கண்காணிப்பாளர் மாறினாலும் திட்டம் மாறவில்லை. 1989-இல் தொடங்கியதையே திருத்தித் திருத்திச் செய்துகொண்டிருந்தார்கள். ஒரே வயலில் ஆண்டுக்கு ஆண்டு எரு போட்டதுபோல.

என் மகளுக்கு நடந்ததைச் சொன்னால் விளங்கும். இரண்டாம் வகுப்பில் வாசிப்பில் பின்தங்கினாள். ஒரு நாள் மாலை என்னைக் கூப்பிட்டார்கள். ஒரு தாளை மேசையில் விரித்தார் ஆசிரியை. அதில் அவள் முதல் வகுப்பு ஆசிரியை எழுதிய குறிப்பு, அதற்கு முந்தைய ஆண்டுக் குறிப்பு, மூன்று வயதில் பிரீ-கேயில் எழுதிய குறிப்புகூட இருந்தது: 'படத்தைப் பார்த்துக் கதையைத் தானே சொல்கிறாள், எழுத்தைத் தொட மாட்டேன் என்கிறாள்.' நான்கு ஆண்டுகள், நான்கு கையெழுத்துகள், ஒரே குழந்தை. அந்த நால்வரும் அன்றும் அதே கட்டடத்தில்தான் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பிரீ-கே ஆசிரியை நடைக்கூடத்தில் என்னைப் பார்த்து, "இப்போதும் படத்தைத்தான் பார்க்கிறாளா?" என்று கேட்டார். எந்த இணையதள எண்ணும் இதை அளக்காது.

மழலை_உதவியாளர் | சனி, இரவு 8.50

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஹட்சன் கவுன்ட்டியில் ஒரு மழலை வகுப்பில் ஆறு ஆண்டாக உதவி ஆசிரியையாக இருக்கிறேன். மையத்தின் பெயர் வேண்டாம்.

ஆபட் பிரீ-கே எப்படி நடக்கிறது என்று பலருக்குத் தெரியாது. ஒரு வகுப்பில் அதிகபட்சம் பதினைந்து குழந்தைகள். பட்டமும் சான்றிதழும் பெற்ற ஓர் ஆசிரியர், கூடவே என்னைப்போல ஓர் உதவியாளர். வகுப்புகள் பொதுப்பள்ளியிலும் நடக்கும், மாவட்டம் ஒப்பந்தம் செய்த தனியார் மையங்களிலும் நடக்கும், தரம் ஒன்றாகவே இருக்க வேண்டும். முதலில் தனியார் மையங்களில் பட்டம் இல்லாத ஆசிரியர்கள் பலர் இருந்தார்கள். 2000-இல் நீதிமன்றம் நான்கு ஆண்டு அவகாசம் கொடுத்து அவர்களைப் படிக்க வைக்கச் சொன்னது. கல்லூரிக் கட்டணத்துக்கு மாநிலம் உதவியது. பகலில் வேலை, இரவில் கல்லூரி என்று படித்துப் பட்டம் வாங்கிய மூத்த ஆசிரியையிடம்தான் நான் தொழில் கற்றேன்.

ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் மழலைக் கல்வி ஆய்வு நிறுவனம் இந்தக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவந்திருக்கிறது. பலன் ஐந்தாம் வகுப்பிலும் நிற்கிறது, ஓராண்டு வந்தவர்களைவிட இரண்டாண்டு வந்தவர்களுக்கு அதிகம் என்று கண்டார்கள். அதனால்தான் நான் எல்லோரிடமும் நான்கு வயதுக்குக் காத்திருக்காதீர்கள், மூன்றிலேயே சேருங்கள் என்று சொல்கிறேன்.

மொழி விஷயத்துக்கு வருகிறேன். போன ஆண்டு நம் வீட்டுப் பிள்ளை ஒருவன் வந்தான். தமிழ் தவிர எதுவும் தெரியாது. முதல் வாரம் முழுவதும் சன்னல் பக்கம் நின்று அழுதான். என் வகுப்பு ஆசிரியைக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவன் அம்மாவிடம் பத்துச் சொற்களைக் கேட்டு எழுதி வாங்கிச் சுவரில் ஒட்டிவைத்தார்: தண்ணீர், பசி, வலிக்கிறது, அம்மா வருவாள். கடைசி வாக்கியத்தை அவர் தினமும் பத்து முறையாவது சொல்லியிருப்பார். அவர் உச்சரிப்பில் அது 'அம்மா வருவால்' என்றுதான் இருக்கும். மூன்றாவது வாரம் பொம்மைச் சமையலறையில் அவன் ஒரு குவளையை எனக்கு நீட்டி, "அகுவா" என்றான். பக்கத்தில் விளையாடிய சிறுமியிடமிருந்து கற்றது. அது ஆங்கிலம்கூட இல்லை, தண்ணீருக்கான ஸ்பானியச் சொல்! அன்று மாலை அவன் அம்மாவிடம் சொன்னபோது அவர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் தமிழை நிறுத்தாதீர்கள், மீனாட்சி. ஆங்கிலம் வரவில்லையே என்று வீட்டு மொழியைக் கைவிடும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. ஒரு மொழியில் கதை சொல்லத் தெரிந்த குழந்தைக்கு அடுத்த மொழி சீக்கிரம் வரும். யூனியன் சிட்டிக்காரர்கள் தங்கள் திட்டத்தை இதன் மீதுதான் கட்டினார்கள்.

பழைய_ஹட்சன்வாசி | ஞாயிறு, காலை 9.00

நல்ல பக்கத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம். மற்றதையும் சொல்லிவிடுகிறேன், முடிவெடுப்பவருக்கு உதவும்.

இந்த ஊரில் பள்ளியும் அரசியலும் ஒன்றோடு ஒன்று பின்னிக் கிடப்பவை. 1982-இல் மேயர் வில்லியம் மஸ்டோ பள்ளிக் கட்டட ஒப்பந்தங்களில் லஞ்சம் வாங்கிய வழக்கில் ஏழாண்டு தண்டனை பெற்றார். மறுநாள் நடந்த தேர்தலில் அவரே வென்றார். இன்றும் பள்ளி வாரிய உறுப்பினர்களை மேயர்தான் நியமிக்கிறார், மக்கள் ஓட்டுப் போட்டு அல்ல. மாநிலத்தில் இப்படிப்பட்ட மாவட்டங்கள் மிகச் சிலவே. மேயர் பிரையன் ஸ்டாக் 2000-இலிருந்து பதவியில் இருக்கிறார், மாநிலச் செனட்டரும்கூட. அந்தச் செல்வாக்கு கட்டடங்கள் வரவும் உதவியிருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். 2009-இல் திறந்த புதிய உயர்நிலைப் பள்ளியை எல்லோரும் ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும். பழைய ரூஸ்வெல்ட் மைதானத்தை இடித்துக் கட்டியது. தரையில் இடமில்லாததால் விளையாட்டு மைதானத்தை மாடியில் வைத்துவிட்டார்கள். கீழே நடைபாதையில் போகும்போது தலைக்கு மேலே விசில் சத்தமும் ஓடும் காலடியும் கேட்கும்.

ஆனால் மேயரின் விருப்பம் மாறினால் வாரியமும் மாறும் என்பது எனக்குக் கவலை தரும் விஷயம். இன்னொன்று, புதிதாக வரும் பிள்ளைகள் எல்லா வயதிலும் வருகிறார்கள். மூன்று வயதில் சேர்ந்தவனுக்குக் கிடைக்கும் பலன், பதினைந்து வயதில் வேறு நாட்டிலிருந்து நேரே வந்து சேர்கிறவனுக்குக் கிடைக்காது. பள்ளியின் சராசரி மதிப்பெண்ணில் இருவரும் ஒன்றாகக் கலந்துவிடுவார்கள். உயர்நிலைப் பள்ளியில் உயர்கணிதம், இயற்பியல் வகுப்புகள் எத்தனை உண்டு என்று கேட்டுப் பாருங்கள், எடிசனோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். பணமும் நிரந்தரம் அல்ல. 2010-இல் ஆளுநர் கிறிஸ்டி பள்ளிகளுக்கான மாநில உதவியை வெட்டினார், அடுத்த ஆண்டு நீதிமன்றம் 50 கோடி டாலரை ஆபட் மாவட்டங்களுக்குத் திருப்பித் தரச் சொன்னது. 2018-இல் வந்த பள்ளி நிதிச் சட்டத்துக்குப் பிறகு ஜெர்சி சிட்டிக்கான மாநில உதவி கடுமையாகக் குறைந்து, அந்த ஊர் சம்பளப் பட்டியல் மீது தனி வரி போட வேண்டியதாயிற்று.

எடிசன்_குமரன் | ஞாயிறு, காலை 11.20

நான் முதலில் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். பதினான்கு வயதுப் பிள்ளை என்றால் இப்போதும் எடிசனையே சொல்வேன். மூன்று வயதுக் குழந்தைக்கு அந்த ஊரைவிட நல்ல தொடக்கம் என்னால் காட்ட முடியவில்லை. எங்கள் மகனை அந்த வயதில் தனியார் காப்பகத்தில் சேர்த்திருந்தோம், ஓராண்டில் மூன்று ஆசிரியைகள் மாறினார்கள். ஒவ்வொரு முறையும் அவன் அழுகையை முதலிலிருந்து தொடங்கினான்.

மீனாட்சி_ஹட்சன் | ஞாயிறு, இரவு 9.45

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. நானும் கணவரும் இந்த இழையை இரண்டு முறை சேர்ந்து படித்தோம். வரும் வியாழக்கிழமை அவர் விடுப்பு எடுக்கிறார். காலையில் யூனியன் சிட்டி, மதியம் ஜெர்சி சிட்டி, இரண்டு ஊரிலும் மழலை வகுப்பை நேரில் பார்க்கப் போகிறோம். கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிவிட்டேன்: வகுப்பில் எத்தனை குழந்தைகள், ஆசிரியை எத்தனை ஆண்டாக அங்கே இருக்கிறார், குழந்தையைப் பற்றிய குறிப்பு அடுத்த வகுப்புக்குப் போகிறதா.

கீழே இன்னொரு தாளில் பத்துத் தமிழ்ச் சொற்களையும் எழுதியிருக்கிறேன். 'அம்மா வருவாள்' முதலில் இருக்கிறது.

பெர்கன்லைன்_வாசி | ஞாயிறு, இரவு 10.10

பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, வீட்டு ஒப்பந்தம் மூன்றையும் கையோடு எடுத்துப் போங்கள். இடம் இருந்தால் அன்றே பெயர் கொடுத்துவிட்டு வரலாமா என்றும் கேளுங்கள்.